பட்டைகள் அப்படியே இருந்தன

மேசையில் இரண்டு அறிக்கைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டும் ஒரே பெண்ணின் தண்டுவட நீரைப் பற்றியவை. ஒன்று மூன்றரை ஆண்டு பழசு, இன்னொன்று அந்த வாரம் வந்தது. அந்த நீரில் உள்ள புரதங்களை மின்புலத்தில் ஓடவிட்டுப் பிரித்தால், ஒரே வம்சத்துச் செல்கள் சுரந்த எதிர்ப்பொருள்கள் மெல்லிய கோடுகளாக ஒதுங்கி நிற்கும். ஒலிகோகுளோனல் பட்டைகள் என்று பெயர். பழைய அறிக்கையில் இருந்த பட்டைகள் புதியதிலும் இருந்தன, ஏறக்குறைய அதே இடங்களில். நடுவில், நாங்கள் கொடுத்த மருந்தால், அவர் ரத்தத்தில் பி செல் என்று சொல்ல எதுவுமே இல்லாமல் மூன்று ஆண்டுகள் ஓடியிருந்தன. நரம்புறையைத் தாக்கும் அவருடைய நோயும் அந்த மூன்று ஆண்டுகளும் அடங்கிக் கிடந்தது.

பி செல் என்றால் எதிர்ப்பொருள் செய்கிற செல் என்றுதான் கல்லூரியில் படித்தோம். பரீட்சையில் அப்படி எழுதினால் முழு மதிப்பெண். சரி, அப்படியானால் எதிர்ப்பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும்போது நோய் மட்டும் எப்படி அடங்கியது? அதே பெண் ஒரு சாதாரணச் சளிக்காய்ச்சல் போலத் தொடங்கியதை ஏழு வாரமாகியும் விரட்ட முடியாமல் ஏன் திண்டாடினார்? இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே செல்லிடம்தான் இருக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த நோயாளி ஒரே ஆள் அல்ல. இந்தச் சிகிச்சையில் இருப்பவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் போக்கை ஒருவர்மேல் ஏற்றி எழுதியிருக்கிறேன். யாரையும் அடையாளம் காண முடியாது, காணவும் கூடாது. மருத்துவ விவரங்களில் கைவைக்கவில்லை.

சிவப்பு மூடி

வயது 29, பள்ளி ஆசிரியை. வலது கண்ணில் மூன்று நாளாக மங்கல். கண்ணை உருட்டினால் உள்ளே வலி. கண் மருத்துவர் பார்த்துவிட்டு, "கண்ணில் ஒன்றுமில்லை, பின்னால் நரம்பில்தான்" என்று அனுப்பியிருந்தார். மருந்துக் குப்பி ஒன்றின் சிவப்பு மூடியை எடுத்து ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே காட்டினேன்.

"இந்தக் கண்ணுக்குச் சிவப்பு, டாக்டர். இந்தக் கண்ணுக்கு... பழைய செங்கல் மாதிரி இருக்கு."

பார்வை நரம்பு வீங்கும்போது பல நேரம் முதலில் கெடுவது நிறம், அதிலும் சிவப்பு. சுவர்ப் பலகையின் எழுத்துகளைத் தட்டுத்தடுமாறிப் படித்துவிடுகிறவர்கூட இந்த மூடியிடம் மாட்டிக்கொள்வார்.

எம்ஆர்ஐயில் மூளையின் நீரறைகளை ஒட்டி முட்டை வடிவ வெள்ளைத் திட்டுகள் ஐந்தாறு இருந்தன. அவற்றில் ஒன்று ரத்தக்குழாயில் ஏற்றிய கடோலினியம் என்ற ஒளிரூட்டும் மருந்தை உறிஞ்சி ஒளிர்ந்தது, அதாவது அங்கே அழற்சி அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. தண்டுவட நீரில் பட்டைகள் இருந்தன, ரத்தத்தில் இல்லை. இதேபோலத் தோன்றும் வேறு நோய்களைக் காட்டும் அக்வாபோரின்-4 எதிர்ப்பொருளும் மாக் எதிர்ப்பொருளும் நெகட்டிவ். நோய் மல்டிபிள் ஸ்களிரோசிஸ்: நரம்பிழையின் மேலுறையைச் சொந்த நோய் எதிர்ப்பு மண்டலமே அரிக்கும் தன்னுடல் தாக்கு நோய். ஸ்டீராய்டு ஐந்து நாள் ஏற்றினோம், பார்வை பெரும்பாலும் திரும்பியது. நான்காவது மாதம் மறுபடி வந்தார். மார்புக்குக் கீழே மரத்துப்போயிருந்தது. யாரோ பட்டை பெல்ட்டை இறுக்கிக் கட்டியதுபோல இருக்கிறது என்றார். இந்த முறை தண்டுவடத்தில் ஒரு புதுத் திட்டு.

இனி ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஸ்டீராய்டு என்று ஓட்ட முடியாது. பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் கொடுப்பதென்று முடிவானது. காசநோய், எச்ஐவி, மஞ்சள் காமாலை பி வைரஸ் எல்லாம் பார்த்தோம். மஞ்சள் காமாலை பி வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் இல்லை என்ற ஒற்றைச் சோதனையோடு நின்றுவிடக் கூடாது. எப்போதோ வந்துபோன தொற்றின் தடயமான உட்கருப் புரத எதிர்ப்பொருளையும் பார்க்க வேண்டும். ஈரலில் பதுங்கியிருக்கும் அந்த வைரஸ் பி செல் போனதும் எழுந்து ஈரலையே கருக்கிவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் இதற்கென்றே மருந்துக் குறிப்பின் தலையில் கட்டம்கட்டி எச்சரிக்கை போடவைத்தது. நம் நோயாளிக்கு இரண்டுமே நெகட்டிவ்.

முதல் ஊசி மெதுவாக, நான்கைந்து மணி நேரம். இரண்டாவது மணியில் தொண்டை கரகரத்தது, காது நுனி சிவந்தது. வேகத்தைக் குறைத்ததும் அடங்கிவிட்டது. பி செல்கள் கூட்டமாக உடையும்போது வெளிவரும் சரக்கின் வேலை அது. இரண்டு வாரம் கழித்து இரண்டாவது ஊசி. அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒன்று.

எதை அழித்தோம், எதை விட்டுவைத்தோம்

ரிட்டுக்சிமாப் பிடித்துக்கொள்வது சிடி20 என்ற புரதத்தை. எலும்பு மஜ்ஜையில் பி செல் உருவாகத் தொடங்கிச் சில படிகள் தாண்டியதும் அது செல்லின் மேற்பரப்பில் முளைக்கிறது. செல் முதிர்ந்து, எதிரியைச் சந்தித்து, நினைவு செல்லாக ஆகும்வரை கூடவே இருக்கிறது. பிளாஸ்மா செல்லாக மாறும்போது மட்டும் மறைந்துவிடுகிறது. இந்த ஒரு விவரத்தைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கதை முழுவதும் விளங்கும். மருந்து தாய்ச்செல்லைத் தொடுவதில்லை, அதனால் பி செல்கள் ஒருநாள் திரும்பி வரும். பிளாஸ்மா செல்லையும் தொடுவதில்லை, அதனால் பழைய எதிர்ப்பொருள்கள் தொடர்ந்து சுரக்கும். நடுவில் இருக்கிற கூட்டம்தான் காலி.

பிளாஸ்மா செல் லேசுப்பட்டதல்ல. எலும்பு மஜ்ஜையில் நல்ல இடம் கிடைத்துவிட்டால் ஆண்டுக்கணக்கில், சில பல பத்தாண்டுகள்கூட, அங்கேயே உட்கார்ந்து நொடிக்கு ஆயிரக்கணக்கில் எதிர்ப்பொருள் மூலக்கூறுகளைக் கொட்டிக்கொண்டிருக்கும். சின்ன வயதில் வந்த அம்மை மறுபடி வராமல் இருப்பதற்கு இந்தக் கிழடுகளும் ஒரு காரணம்.

இந்த மருந்து 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது புற்றுநோய்க்காக, பி செல் லிம்போமாவுக்காக. அதை மூட்டுவாதத்துக்குக் கொண்டுவந்தவர் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் ஜோனதன் எட்வர்ட்ஸ். மூட்டுவாதம், நோய் எதிர்ப்பு மண்டலத்தின் இன்னொரு படையான டி செல்லின் நோய் என்று எல்லோரும் சத்தியம் செய்துகொண்டிருந்த காலம் அது. எட்வர்ட்ஸின் கணக்கு வேறு மாதிரி இருந்தது. தன் உடலையே குறிவைக்கும் பி செல், தான் செய்யும் எதிர்ப்பொருளாலேயே தன்னைத் தூண்டிக்கொள்கிறது. அந்தச் சுழலை ஒருமுறை அறுத்தால் நோய் விடும் என்றார். 2001இல் ஐந்தே ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார். 2004இல் 161 பேரைக்கொண்ட சோதனை வந்தபிறகுதான் மற்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சுழல் பற்றிய அவர் விளக்கம் முழுக்கச் சரியா என்று இன்றும் வாதாடலாம். மருந்து வேலை செய்தது என்பதில் வாதம் இல்லை. மருத்துவத்தில் இப்படி அடிக்கடி நடக்கும்: காரணம் பாதி தப்பாக இருக்கும், கை சரியான இடத்தில் பட்டிருக்கும்.

மல்டிபிள் ஸ்களிரோசிஸில் ஆச்சரியம் இன்னும் பெரிது. 2008இல் வெளிவந்த ஹெர்மிஸ் சோதனையில் 104 பேர். ரிட்டுக்சிமாப் பெற்றவர்களின் மூளையில் ஒளிரும் புதுத் திட்டுகள், வெற்று மருந்து பெற்றவர்களோடு ஒப்பிட்டால் 91 விழுக்காடு குறைவு. அதைவிட என்னை உறுத்தியது வேகம். பன்னிரண்டாவது வாரப் படங்களிலேயே வித்தியாசம் தெரிந்தது. பிளாஸ்மா செல்லைத் தொடாத மருந்து அது. ஏற்கெனவே சுரந்த ஐஜிஜி (ரத்தத்தில் அதிகமாக இருக்கும் வகை) எதிர்ப்பொருள் பாதியாகவே மூன்று வாரம் பிடிக்கும். எதிர்ப்பொருள்தான் குற்றவாளி என்றால் இவ்வளவு சீக்கிரம் வீடு அமைதியாகியிருக்காது.

நம் நோயாளிக்கும் அப்படித்தான். மூன்றாவது மாத எம்ஆர்ஐயில் எதுவும் ஒளிரவில்லை. முதலாண்டு முடிவில் புதுத் திட்டு இல்லை, இரண்டாமாண்டும் இல்லை. பள்ளிக்குப் போய் வந்துகொண்டிருந்தார். வெயில் நாளில் மட்டும் வலது கண் கொஞ்சம் மங்கும் என்பார்.

வாயாடி செல்

அப்படியானால் மருந்து உண்மையில் எதை நிறுத்தியது?

ஒரு பி செல்லுக்கு வெளியே நீட்டிய கொக்கி ஒன்று உண்டு. ஒவ்வொரு பி செல்லின் கொக்கியும் ஒரு குறிப்பிட்ட பொருளை மட்டும் பிடிக்கும். பிடித்ததை உள்ளே இழுத்து, துண்டுதுண்டாக நறுக்கி, ஒரு தட்டில் வைத்து டி செல்லிடம் நீட்டும். இந்த வேலையை வேறு செல்களும் செய்யும். ஆனால் கண்ணில் பட்டதையெல்லாம் அவை விழுங்குகின்றன. பி செல் தன் பொருளை மட்டும் தேடிச் சேர்க்கிறது. அதனால் அந்தப் பொருள் மிக மிகக் கொஞ்சமாக இருக்கும்போதுகூட டி செல்லை எழுப்பிவிடும். 1985இல் அந்தோனியோ லான்ஸாவெக்கியா இதை மனித பி செல்களை வைத்தே காட்டினார். நரம்புறையின் ஒரு துணுக்கைப் பிடிக்கிற கொக்கி ஒரு பி செல்லுக்கு வாய்த்துவிட்டால், அது எதிர்ப்பொருள் சுரக்க வேண்டும் என்றுகூட இல்லை. டி செல்லிடம் போய் "இதோ பார்" என்று காட்டிக்கொண்டே இருந்தால் போதும்.

அடுத்தது அதன் பேச்சு. மல்டிபிள் ஸ்களிரோசிஸ் உள்ளவர்களின் பி செல்கள் இன்டர்லூக்கின்-6, ஜிஎம்-சிஎஸ்எஃப் போன்ற தூண்டுபொருள்களை மற்றவர்களின் பி செல்களைவிட அதிகமாகக் கொட்டுகின்றன. ஜிஎம்-சிஎஸ்எஃப் வந்தால் பக்கத்தில் இருக்கும் விழுங்கு செல்கள் வெறியேறும். அவை டி செல்லை இன்னும் ஏற்றிவிடும். 2018இல் சூரிச் ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். இந்த நோயாளிகளின் டி செல்களில் ஒரு பகுதி, வெளியிலிருந்து எந்தத் தூண்டலும் இல்லாமல் தானாகவே பெருகுகிறது. பெருக்குவது பக்கத்தில் இருக்கும் நினைவு பி செல். பெருகியவற்றில் மூளைக்குப் போகக்கூடியவை நிறைய. பி செல்லை எடுத்துவிட்டால் அந்தப் பெருக்கம் அடங்குகிறது. ரிட்டுக்சிமாப் பெற்றவர்களின் தண்டுவட நீரில் பி செல்லோடு டி செல்லும் குறைந்தது என்று 2006இலேயே ஒரு கட்டுரை வந்திருந்தது. அப்போது அதைப் படித்துவிட்டுத் தற்செயல் என்று கடந்துபோனவர்களில் நானும் ஒருவன்.

எதிர்ப்பக்கச் சாட்சியும் உண்டு, அதுதான் எனக்குப் பெரிய சாட்சி. அட்டாசிசெப்ட் என்று ஒரு மருந்து. பி செல்லையும் பிளாஸ்மா செல்லையும் வாழவைக்கும் இரண்டு சமிக்ஞைகளை அது தடுக்கும். ரத்தத்தில் எதிர்ப்பொருள் நன்றாகவே இறங்கும். ஆனால் நினைவு பி செல்கள் தப்பிவிடும். எதிர்ப்பொருள்தான் வில்லன் என்றால் இது ரிட்டுக்சிமாப்பைவிட நன்றாக வேலை செய்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். மல்டிபிள் ஸ்களிரோசிஸ் நோயாளிகளுக்குக் கொடுத்தபோது தாக்குதல்கள் கூடின, 2009இல் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். இரண்டு மருந்துமே "பி செல் மருந்து" என்ற ஒரே அலமாரியில் இருந்தவை.

எல்லாத் தன்னுடல் தாக்கு நோயும் இப்படி இல்லை. கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிக்காவில் அக்வாபோரின்-4 எதிர்ப்பொருளே நேரடியாகச் சேதம் செய்கிறது. தசைகள் தளர்ந்துபோகும் மயஸ்தீனியாவிலும் எதிர்ப்பொருள்தான் நரம்பு-தசைச் சந்திப்பை அடைக்கிறது. அங்கே "எதிர்ப்பொருள் செய்கிற செல்" என்ற பழைய பாடம் செல்லும். நோய்க்கு நோய் பி செல்லின் எந்தக் கை நீள்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

தன்னைத் தானே கடிக்கும் பி செல் எங்கிருந்து வருகிறது என்று நோயாளிகள் கேட்பார்கள். எங்கிருந்தோ வரவில்லை, எல்லோரிடமும் இருக்கிறது. கொக்கியின் வடிவம் மரபணுத் துண்டுகளைக் கலைத்துப்போட்டுச் சேர்ப்பதால் வருகிறது. அது சீட்டுக்கட்டைக் கலைப்பது மாதிரி. எது விழும் என்று யாருக்கும் தெரியாது. ஆரோக்கியமான மனிதர்களின் எலும்பு மஜ்ஜையில் புதிதாகப் பிறக்கும் பி செல்களில் பாதிக்கு மேல் தன் உடலின் ஏதோ ஒரு பொருளில் ஒட்டக்கூடியவை என்று 2003இல் நியூயார்க்கில் கணக்கெடுத்தார்கள். வழியில் இருக்கும் சோதனைச் சாவடிகள் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிடும். மிச்சம் கொஞ்சம் வெளியே வந்து சாதுவாகத் திரியும். அதை உசுப்பிவிடுவது எது என்பதுதான் கேள்வி.

இங்கே தொற்று நுழைகிறது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உடம்பில் இருக்கிறது. அது குடியிருக்கும் வீடே நினைவு பி செல்தான். 2022இல் ஹார்வர்ட் குழு ஒன்று, ஒரு கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களின் ரத்தச் சேமிப்பில் தேடியது. மல்டிபிள் ஸ்களிரோசிஸ் வந்தவர்களில் 801 பேரின் ரத்தம் கிடைத்தது. முதல் மாதிரியில் இந்த வைரஸ் இல்லாதவர்கள் 35 பேர். நோய் தொடங்குவதற்கு முன் அவர்களில் 34 பேருக்குத் தொற்று வந்திருந்தது. தொற்று வந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு. அதே ஆண்டு இன்னொரு ஆய்வு, வைரஸின் ஒரு புரதத்தைப் பிடிக்கிற எதிர்ப்பொருள் மூளையில் உள்ள ஒரு புரதத்தையும் பிடிக்கிறது என்று காட்டியது. வைரஸைத் துரத்தப் போனவன் வீட்டுக்காரனையே அடித்த கதை. அதற்காக வைரஸ் வந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை, மிகச் சிலருக்குத்தான். நம் நோயாளிக்கும் பழைய எப்ஸ்டீன்-பார் தொற்றின் தடயம் இருந்தது. அதைச் சொன்னபோது, "அப்போ இது சளி மாதிரி ஒட்டிக்கிட்டதா டாக்டர்?" என்றார். பதில் சொல்ல எனக்குக் கால் மணி நேரம் ஆனது, அவ்வளவு சொல்லியும் அவர் முகம் தெளியவில்லை.

விடாத காய்ச்சல்

2022இல், கடைசி ஊசிக்கு இரண்டு மாதம் கழித்து, கோவிட். வீட்டில் எல்லோருக்கும் வந்தது, எல்லோருக்கும் நாலு நாளில் போனது. இவருக்கும் ஐந்தாவது நாள் விட்டது. பத்தாவது நாள் திரும்பியது. மாலை ஆனால் 101, காலையில் சாதாரணம். வேறொரு இடத்தில் இரண்டு முறை ஸ்டீராய்டு கொடுத்திருந்தார்கள். கொடுத்தால் அடங்கும், நிறுத்தினால் வரும். மூக்குச் சோதனை நெகட்டிவ். அதனால் கோவிட் முடிந்துவிட்டது, நுரையீரலில் மிச்ச அழற்சி என்று எழுதியிருந்தார்கள். இந்த முடிவுக்கு யாரும் வரக்கூடும், நானும் வந்திருப்பேன்.

சிடி ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் புகைபடிந்த கண்ணாடி போன்ற திட்டுகள். இரண்டு வாரத்துக்கு முந்தைய படத்தில் வலது அடிப்பகுதியில் இருந்தது இப்போது இல்லை, இடது மேலே புதிதாக வந்திருக்கிறது. மிச்ச அழற்சி இப்படி இடம் மாறுவதில்லை. ஐந்தாவது வாரம் தலைவலியும் சேர்ந்ததால் மூளைக்குள் வேறு வைரஸ் ஏதும் நுழைந்துவிட்டதா என்று தண்டுவட நீர் எடுத்தோம். ஜேசி வைரஸ் இல்லை, என்டரோவைரஸ் இல்லை, செல்களும் இல்லை. கூடவே கேட்டிருந்த பட்டைச் சோதனைதான் தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது அறிக்கை.

மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுக் கழுவி எடுத்த நீரில் கோவிட் வைரஸ் ஏராளமாக இருந்தது. மூக்கில் இல்லை, அடியில் இருந்தது. ரத்தத்தில் கோவிட் எதிர்ப்பொருள் பூஜ்யம். மூன்று தடுப்பூசி போட்டவர்!

இங்கே தப்பு நம்முடையது. 2021இல் தடுப்பூசி வந்ததும், ரிட்டுக்சிமாப் ஏற்றி ஆறே வாரத்தில் முதல் ஊசியைப் போடச் சொன்னோம். புது எதிரிக்கு எதிர்ப்பொருள் செய்ய வேண்டுமானால் இதுவரை எந்த எதிரியையும் சந்திக்காத கன்னி பி செல் ஒன்று அந்தப் பொருளைச் சந்திக்க வேண்டும், நிணநீர் முடிச்சுக்குள் புகுந்து பெருக வேண்டும், தன் கொக்கியின் மரபணுவை வேண்டுமென்றே திருத்தித் திருத்தி, நன்றாகப் பிடிப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தொழிற்சாலைக்குக் கதவே சாத்தியிருந்த நேரத்தில் சரக்கை வாசலில் இறக்கிவிட்டு வந்தோம். பழைய அம்மை எதிர்ப்பொருள் அவரிடம் நன்றாகவே இருந்தது, அது பிளாஸ்மா செல்களின் சேமிப்பு. செலவுக்குச் சேமிப்பு இருந்தது, புதுச் சம்பாத்தியம் இல்லை.

இருந்தும் அவர் செயற்கைச் சுவாசத்துக்குப் போகவில்லை. காரணம் டி செல். 2021இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் இதே வகை மருந்தில் இருந்த மல்டிபிள் ஸ்களிரோசிஸ் நோயாளிகளுக்குத் தடுப்பூசி போட்டுப் பார்த்தார்கள். எதிர்ப்பொருள் பலவீனம், டி செல்களின் பதிலோ நன்றாக இருந்தது. தொற்றிய செல்களைக் கொல்லும் டி செல் தீயை எல்லை தாண்டவிடாமல் வைத்திருந்தது. அணைக்கத் தேவையான தண்ணீர், அதாவது செல்லுக்கு வெளியே மிதக்கும் வைரஸை மடக்கும் எதிர்ப்பொருள், அவரிடம் இல்லை. அதனால்தான் சாகவுமில்லை, சரியாகவுமில்லை.

இந்தக் காட்சியை மருத்துவம் எழுபது ஆண்டுக்கு முன்பே பார்த்திருக்கிறது. 1952இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன், மறுபடி மறுபடி நிமோனியாவும் ரத்தத் தொற்றும் வந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் ரத்தத்தை மின்புலத்தில் ஓடவிட்டார். எதிர்ப்பொருள்கள் அடங்கிய காமா குளோபுலின் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. இயற்கையே செய்துவைத்த ரிட்டுக்சிமாப் என்று சொல்லலாம், ஆனால் அதைவிடக் கடுமை, ஏனென்றால் சேமிப்பும் இல்லை. பிறவியிலேயே பி செல் இல்லாத இத்தகைய குழந்தைகள் தட்டம்மையை, சின்னம்மையை ஓரளவு சமாளிப்பார்கள். உறைபோட்ட பாக்டீரியாவிடமும் என்டரோவைரஸிடமும் தோற்பார்கள். எதிர்ப்பொருள் எங்கே அவசியம், எங்கே டி செல்லே போதும் என்ற வரைபடத்தை அந்தக் குழந்தைகளிடமிருந்துதான் கற்றோம். இன்னொரு விசித்திரம்: பி செல் இல்லாததால் எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கு அவர்களிடம் குடியிருக்க வீடில்லை.

சிகிச்சை எளிதாக முடிந்தது. ரெம்டெசிவிர் பத்து நாள். கூடவே தடுப்பூசியும் போட்டு, தொற்றிலிருந்தும் மீண்ட கொடையாளர்களின் பிளாஸ்மா இரண்டு பை, எதிர்ப்பொருள் அளவு பார்த்துத் தேர்ந்தெடுத்தது. அவரிடம் இல்லாத ஒரே பொருளைக் கடன் வாங்கிக் கொடுத்தோம். மூன்றாவது நாள் மாலை தாதி வெப்பமானியை இரண்டு தடவை வைத்துப் பார்த்தார், நம்ப முடியாமல். 98.4. அதற்குப் பிறகு ஏறவில்லை. ஸ்டீராய்டை நிறுத்தினோம்.

வேறொரு குறையும் அப்போதுதான் கண்ணில் பட்டது. மொத்த ஐஜிஜி லிட்டருக்கு 5.2 கிராம். குறைந்தது 7 இருக்க வேண்டும். தொடங்கும்போது 9.8 இருந்தது. பிளாஸ்மா செல்லை மருந்து தொடாது என்றாலும், சாகிற பிளாஸ்மா செல்லின் இடத்துக்குப் புதுசு வருவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. ஐஜிஎம் என்ற இன்னொரு வகை எதிர்ப்பொருள் முதலில் இறங்கும், ஐஜிஜி பின்னால். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்திருக்க வேண்டிய எண்ணை இரண்டு ஆண்டாகப் பார்க்கவில்லை. எம்ஆர்ஐ சுத்தமாக இருந்ததே, அந்த மகிழ்ச்சியில் விட்டுப்போனது.

இம்யூனோகுளோபுலின், அதாவது கொடையாளர்களின் எதிர்ப்பொருள் தொகுப்பு, ஏற்றலாமா என்று பேசினோம். எண்ணுக்கு மருந்து கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நிமோனியா தரும் நிமோகாக்கஸ் பாக்டீரியாவுக்கான எதிர்ப்பொருள் போதுமான அளவு இருந்தது, பாக்டீரியாத் தொற்று ஒன்றும் இல்லை. காத்திருந்தோம்.

அடக்கும் கை

ரிட்டுக்சிமாப் நல்ல பி செல்லையும் சேர்த்துத்தான் அழிக்கிறது என்பதை இந்தக் கதையில் விட்டுவிட்டால் பாதிதான் சொன்னதாக ஆகும். 1996இல் ஒரு குழு, பி செல்லே இல்லாத எலிகளுக்கு மல்டிபிள் ஸ்களிரோசிஸ் போன்ற நோயை வரவழைத்தது. நோய் வந்தது, ஆனால் போகவில்லை. சாதாரண எலிகள் தானாகத் தேறின. தேற்றியது பி செல். 2002இல் சைமன் ஃபில்லாட்ரோவும் கூட்டாளிகளும் அந்தப் பி செல்கள் சுரக்கும் இன்டர்லூக்கின்-10தான் நோயை அணைக்கிறது என்று காட்டினார்கள். 2014இல் பெர்லினிலிருந்து அதே ஃபில்லாட்ரோவின் குழு இன்டர்லூக்கின்-35ஐயும் சேர்த்தது. பி செல்கள் அதைச் சுரக்க முடியாமல் செய்த எலிகள் மூளை நோயிலிருந்து தேறவில்லை. அதே எலிகளுக்கு சால்மனெல்லா பாக்டீரியாவைக் கொடுத்தால், சாதாரண எலிகளைவிட நன்றாகப் போராடின! ஒரே பி செல், ஒரே சுரப்பு. தன்னுடல் நோயில் அது காப்பாற்றுகிறது, தொற்றில் கையைக் கட்டிப்போடுகிறது.

மனிதர்களிலும் இதன் நிழல் உண்டு. ரிட்டுக்சிமாப் பெற்ற சிலருக்கு, அபூர்வமாகத்தான், பெருங்குடல் அழற்சியோ சொரியாசிஸோ புதிதாக வருகிறது. ஒரு பூட்டைத் திறக்கும்போது பக்கத்துப் பூட்டும் திறந்துகொள்கிறது. வயிற்றுப்போக்கு என்று இவர்கள் வந்தால் கிருமியோடு இதையும் நினைக்க வேண்டும்.

திரும்பி வந்தவை

அடுத்த ஊசியைப் போடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் பி செல்களை எண்ணினோம். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். கடைசி ஊசியிலிருந்து பதினோராவது மாதம் செல்களை வகைபிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி திரையின் ஒரு மூலையில் சிறு புள்ளிக் கூட்டம் தெரிந்தது. தொழில்நுட்பர் பென்சிலால் வட்டம் போட்டு அனுப்பியிருந்தார். ஏறக்குறைய எல்லாமே மஜ்ஜையிலிருந்து புதிதாக இறங்கிய இளசுகள். நினைவு பி செல் தேடினாலும் இல்லை. முன்பு டி செல்களிடம் ஓயாமல் வாயாடிக்கொண்டிருந்த பழைய கூட்டம் வரவில்லை. ஜிஎம்-சிஎஸ்எஃப் கொட்டும் வகைகூடத் திரும்பி வரும்போது குறைவாகவே இருக்கும் என்று 2015இல் மாண்ட்ரியல் குழு எழுதியிருந்தது. மருந்து போன பிறகும் பலன் சில காலம் நிற்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பி செல்கள் இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று ஆறு வாரம் விட்டு, கோவிட் தடுப்பூசியும் நிமோகாக்கஸ் தடுப்பூசியும் போட்டோம். நான்காவது வாரம் எதிர்ப்பொருள் வந்திருந்தது, பிரமாதமில்லை, ஆனால் பூஜ்யமில்லை. ஐஜிஜி 6.1க்கு ஏறியது.

மறுபடி மருந்து எப்போது என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. காலண்டரைப் பார்த்து ஆறு மாதத்துக்கு ஒன்று என்றார் ஒருவர். நினைவு பி செல் தலைகாட்டினால் போடலாம் என்பது என் பக்கம். நோயாளியிடம் இரண்டையும் சொன்னோம். "அந்தப் புள்ளியெல்லாம் சின்னப் பசங்கன்னு சொன்னீங்களே, அதுங்க வளரட்டும், அப்புறம் பார்ப்போம் டாக்டர்," என்றார்.

கடைசி ஊசிக்கு இருபதாவது மாதம் நினைவு பி செல்கள் தெரியத் தொடங்கின. எம்ஆர்ஐ எடுத்தோம், புதிதாக எதுவும் ஒளிரவில்லை. பழைய அளவில் பாதி, 500 மில்லிகிராம், ஒரே ஊசியாகக் கொடுத்தோம். ஐந்து வாரம் முன்னதாகவே தடுப்பூசிகளை முடித்துவிட்டு, ஐஜிஜியையும் பார்த்துவிட்டு.